டோலிச் சங்கத்துக்கு மூன்று கடிதங்கள்

"இந்த மலையில வண்டியோட விழுந்தா யாரும்மா தூக்குவாங்க?"

கம்பாலாவிலிருந்து வந்திருந்த நல்வோகா மேடம் இதை என்னிடம் கேட்டபோது எங்கள் வாடகை மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் வேறு யாரும் இல்லை. மேடம் ஹெல்மெட்டைக் காட்டச் சொன்னதால் பதினான்கு வண்டிக்காரர்களும் ஹெல்மெட் தேடிப் போயிருந்தார்கள். எங்கள் ஸ்டாண்டுக்கு மொத்தம் மூன்று ஹெல்மெட். போலீஸ் நிற்கும் வளைவுக்கு முன்னால் மாட்டிக்கொள்வதும், தாண்டியதும் கழற்றி எதிரே வருகிறவனிடம் கொடுத்துவிடுவதும் வழக்கம். அன்று அந்த மூன்றும் எந்த வளைவில் யார் தலையில் இருந்தன என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் ஸ்டாண்டில் அவித்த முட்டை விற்கிறவள். தெரியாதவர்கள் கேள்வி கேட்டால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். செகண்டரி இரண்டாம் ஆண்டில், ஒவ்வொருவராக எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லும் டீச்சர் ஒருவர் வந்தார். என் முறைக்கு முந்தின நாளோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அதனால் மேடத்துக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு முட்டையையும் உப்புப் பொட்டலத்தையும் எடுத்து நீட்டினேன்.

மேடம் முட்டையைத் தின்றுவிட்டு, கையிலிருந்த படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேராக ஒரு பெரிய கேள்விக்குறி போட்டார். அது என் அண்ணன் பகாம்பேயின் படிவம்.

ஏரிக்கரை விடுதிக்கு வருகிறவர்களுக்கு மலைகளைச் சுற்றிப் பார்க்க ஆசை. கஷேன்யி, முகோமா, நியாருஹங்கா என்று மூன்று மலை ஏறி இறங்கினால் கடைசி உச்சியில் புன்யோன்யி ஏரியும் அதிலுள்ள இருபத்தொன்பது தீவும் ஒரே பார்வையில் தெரியும். அந்தச் சவாரிக்கு ஒரு வண்டிக்காரனை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விடுதி முடிவு செய்திருந்தது. ஆளைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் நல்வோகா மேடம். அவர் கையெழுத்துப் போட்டால் அண்ணன் ஊரில் இருப்பான். போடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு கம்பாலாவுக்குப் போய்விடுவான். அங்கே மாமா ஒரு ஸ்டாண்டில் இடம் சொல்லி வைத்திருந்தார். வீட்டில் நான் வாய் திறந்து பேசுவது அண்ணனிடம் மட்டும்தான். அம்மாவிடம் பேச வேண்டியதில்லை, அவரே இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

அண்ணன் எப்படியோ இரண்டு ஹெல்மெட்டோடு வந்து சேர்ந்தான். ஒன்றில் பாதி அளவுக்குச் சோளம் இருந்தது. அதைத் தரையில் கொட்டிவிட்டு மேடத்திடம் நீட்டினான்.

"இது என் தலைக்கு நிக்குமா?" என்றார் மேடம். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். ஹெல்மெட் அசையாமல் இருந்தது. உள்ளே அவர் தலை மட்டும் இடமும் வலமும் போய் வந்தது.

"நல்லா காத்தோட்டமா இருக்கும் மேடம்," என்றான் செவூமே. அவன் அண்ணனின் கூட்டாளி. யாரும் கேட்காமலே பேசுவான்.

"வேற வாங்குங்க. தாடைக்குக் கீழ வார் இறுகணும். சரி, இறக்கத்துல எப்படி ஓட்டுவீங்க?"

அண்ணன் பெருமையாகச் சொன்னான். "இன்ஜினை அணைச்சிடுவேன் மேடம். உச்சியில சாவியைத் திருப்பினா கீழ பாலம் வரைக்கும் சொட்டு பெட்ரோல் செலவாகாது. சத்தமும் இருக்காது. பறவை கத்துறதெல்லாம் கேக்கும்."

மேடம் பேனாவை மூடினார். "பகாம்பே, இன்ஜின் அணைஞ்சா வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான் இருக்கு. பாதி இறக்கத்துல அது சூடேறிப் பிடிக்காமப் போச்சுன்னா அப்புறம் பறவை கத்துறதை நீங்க மேலே இருந்து கேட்க வேண்டியதுதான். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்கணும். புரியுதா?"

"புரியுது மேடம்."

"இவன் ஏறும்போது கியர் மாத்தினதை எண்ணவே மாட்டான்," என்றான் செவூமே.

"நீங்களும் வரீங்க. மலைப் பாதையில ஒத்தை வண்டி போகக் கூடாது. பின்னால ஒரு வண்டி, அதுல டூல்ஸ், ட்யூப், மருந்துப் பெட்டி, குடிக்கத் தண்ணி. வியாழக்கிழமை பனி விலகினதும் கிளம்பலாம்."

மேடம் போனதும் அண்ணன் எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து ஒரு முட்டையை உரித்தான். "எல்லாம் சரி கெபி. அந்தத் தூக்குற கேள்விக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல. ஆஸ்பத்திரி வேன் இங்க வராதுன்னு அந்தம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு."

"டோலிச் சங்கம் இருக்குல்ல?" என்றேன்.

"வாயால சொன்னா நம்புமா? அதுக்கு எல்லாம் பேப்பர்ல வேணும்."

எனக்கு அது போதும். வீட்டுக்குப் போய், யாருக்கும் காட்டாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கும் நோட்டுகளில் ஒன்றிலிருந்து மூன்று தாள் கிழித்தேன். எங்கள் பக்கம் ஒவ்வொரு மலைக்கும் ஒரு டோலிச் சங்கம் உண்டு. மலையில் யாருக்காவது காய்ச்சல், பிரசவம், கால் முறிவு என்றால் சங்கத்து ஆண்கள் கூடி, இரண்டு மூங்கிலுக்கு நடுவே பின்னிய படுக்கையில் படுக்க வைத்துத் தூக்கிப் போவார்கள். கூப்பிட்டு வராதவன் ஒரு பானை சோளக் கள் தர வேண்டும். மூன்று சங்கத் தலைவர்களுக்கும் மூன்று கடிதம் எழுதினேன். வரும் வியாழன் காலை என் அண்ணன் பகாம்பே கம்பாலா மேடம் ஒருவரை ஏற்றிக்கொண்டு உங்கள் மலை வழியாக வருகிறான், விழுந்தால் தூக்க உங்கள் சங்கம் தயாரா என்று மேடம் கேட்கிறார், தயவுசெய்து பதில் தரவும். சந்தைக்கு வந்த பெண்களிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. பதில்கள் வந்ததும் மூன்றையும் ஒன்றாக அவன் கையில் வைத்து அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

புதன் மாலை வரை ஒரு பதிலும் வரவில்லை.

வியாழன் காலை அண்ணனின் வண்டியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிரேக் கட்டைகள் புதிது. சங்கிலியை இழுத்துப் பிடித்து எண்ணெய் போட்டிருந்தான். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிச் சத்தம் கேட்டு முடுக்கியிருந்தான். பின் டயர் மட்டும் செவூமேயுடையது. அதனால் செவூமே வண்டியில் அண்ணனின் மொட்டை டயர் இருந்தது. அந்த வண்டியில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார வேண்டியவள் நான்.

"கெட்டியா பிடிச்சுக்கோ கெபி," என்றான் செவூமே. "நாம விழுந்தா மருந்து நம்மகிட்டதான் இருக்கு."

பத்து மணிக்குப் பனி விலகியது. குளிர் விலகவில்லை. வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல் அண்ணன் கோட்டை முன்பின்னாக மாட்டி முதுகுப் பக்கம் பொத்தான் போட்டுக்கொண்டான். மேடம் முதலில் சிரித்தார். முதல் மேட்டில் காற்று நெஞ்சில் அடித்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கித் தன் கோட்டையும் திருப்பிப் போட்டுக்கொண்டார். பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன்.

அண்ணன் அன்று ஓட்டியது போல என்றும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்தான். உருளைக்கிழங்கு லாரிக்கு ஒதுங்கி நின்றான். ஆடுகளுக்கு வழிவிட்டான், ஆடுகளே சந்தேகப்பட்டு நின்றன. முதல் இறக்கத்தின் தலையில் பழக்கதோஷத்தில் அவன் கை சாவிக்குப் போனது. மேடம் அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினார். கை திரும்பி வந்தது. கீழே படிப்படியாக வெட்டிய அவரைக்காய் வயலும் உருளைக்கிழங்கு வயலும், அதற்கும் கீழே ஏரியின் ஒரு துண்டும் தெரிந்தன. மேடம் கையை நீட்டி எதையோ காட்டிப் பேசிக்கொண்டே போனார். இது சரியாக நடந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

கஷேன்யி மலையின் கொக்கி வளைவைத் திரும்பினோம். சாலையோரத்தில் எட்டு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் டோலி. எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

அண்ணன் வண்டியை நிறுத்தினான். வரிசையில் முதலில் நின்ற தலைவர் மேடத்தையும் அண்ணனையும் மேலும் கீழும் பார்த்தார்.

"விழுந்தவங்க எங்க?"

"யாரும் விழலீங்க," என்றான் அண்ணன்.

"எப்ப விழுவீங்க?"

"விழ மாட்டோம்."

"அப்புறம் எதுக்கு எழுதி அனுப்பினீங்க? நாங்க காலையில ஏழு மணியிலேருந்து நிக்கிறோம்." தலைவர் சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் மலைகளில் டோலிச் சங்கத்துக்குத் தாள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம், கிளம்பு. தயாரா என்று கேட்டு இதுவரை யாரும் எழுதியதில்லை. வராமல் இருந்து பானை கொடுப்பதைவிட வந்து நிற்பது மேல் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள்.

அண்ணன் கடிதத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். நான் மருந்துப் பெட்டியின் பூட்டைப் பார்த்தேன்.

"வீட்டுக்கு வா," என்றான்.

"யாரு இவங்க?" என்று கேட்டார் மேடம். அண்ணன் விளக்கினான். மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படிவத்தை எடுத்து ஏதோ எழுதினார்.

"நீங்க போங்க," என்றார் கஷேன்யித் தலைவர் பெருந்தன்மையாக. "நாங்க பின்னாலயே ஓடி வரோம். அடுத்த இறக்கம் ரொம்ப மோசம். வந்தது வீணாகாது."

அப்படியே ஓடி வந்தார்கள். அண்ணன் ஏறின கியரிலேயே இறங்கியதால் அவர்களுக்குச் சிரமமே இல்லை. இரண்டு முறை எங்களை முந்திப்போய் நின்று காத்திருந்தார்கள்.

முகோமா எல்லைக் கல்லில் ஏழு பேர், இன்னொரு டோலி. இவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். பின்னால் வந்த கஷேன்யிக்காரர்களைக் கண்டதும் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டார்கள்.

"இது எங்க மலை. கல்லைத் தாண்டி இங்க என்ன ஓட்டம்?" என்றார் முகோமாத் தலைவர்.

"நாங்க எங்க ஆளோட வரோம்."

"அந்தம்மா எப்பலேருந்து உங்க ஆளு?"

"கொக்கி வளைவுலேருந்து."

"விழுந்தா இங்கதான் விழுவாங்க. உங்க மலையில எவனாவது விழுவானா? அது மலையா? மேடு."

கல்லுக்கு அந்தப்பக்கம் விழுந்து இந்தப்பக்கம் உருண்டால் யார் தூக்குவது என்பதில் பேச்சு முற்றியது. மேடம் இறங்கி நடுவில் நின்றார். "தலை எந்தப் பக்கம் இருக்கோ அவங்க தூக்கட்டும்," என்றார். இரண்டு தலைவர்களும் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். மேடம் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பதினைந்து பேரும் இரண்டு டோலியும் எங்கள் பின்னால் ஓடி வந்தார்கள்.

நியாருஹங்கா எங்கள் சொந்த மலை. அடிவாரத்தில் தலைவர் திபெந்தெரானா எட்டு ஆட்களோடு நின்றார். அவர் சர்ச்சில் பைபிள் வாசித்து ஓய்வுபெற்றவர். தொப்பியைக் கழற்றவில்லை. கையில் சங்கத்துப் பதிவேடு இருந்தது.

"வாங்கம்மா. சுகமா?" என்றார் மேடத்திடம்.

"நல்லா இருக்கேன் ஐயா. யாரும் விழல. நீங்க எல்லாம் சிரமப்பட்டு வந்ததுக்கு..."

"நீங்க நல்லா இருக்கீங்கன்னா அது எங்களுக்குச் சந்தோஷம். படுங்க."

"என்னது?"

"எங்க சங்கத்து விதி நாலு. வெளிய எடுத்த டோலி காலியா திரும்பக் கூடாது. காலியா போனா அது அன்னைக்கே ஆள் தேடும். உச்சி வரைக்கும்தான். படுங்க."

மேடம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். அவன் ஏன் அப்படி நின்றான் என்று அடுத்த நிமிடம் எல்லாருக்கும் தெரிந்தது. திபெந்தெரானா பதிவேட்டைத் திறந்தார்.

"ஆள் சரிபார்க்கணும். பகாம்பே."

"இருக்கேன் தலைவரே."

"இன்னைக்கு இருக்கே. போன வருஷம் பிரசவத்துக்குக் கூப்பிட்டப்ப? சவாரி. பரியைஜா கிழவர் கால் உடைஞ்சப்ப? சவாரி. மழையில ஸ்கூல் டீச்சரைத் தூக்கினப்ப? பஞ்சர். பதினோரு தடவை வரல. ஒரு பானைகூட வரல. விதி ஏழு தெரியுமில்ல?"

"விதி ஏழு என்ன?" என்றார் மேடம்.

"தூக்க வராதவனைத் தூக்கறதில்ல."

மேடம் பேனாவை எடுத்தார். "அதாவது, என் விருந்தாளியும் இந்தப் பகாம்பேயும் இந்த மலையில விழுந்து கிடந்தா?"

"விருந்தாளியைத் தூக்குவோம்."

"பகாம்பேயை?"

"ஓரமா நகர்த்தி வைப்போம். வழியில கிடந்தா கால் தடுக்கும் பாருங்க."

எட்டு பேரும் தலையாட்டினார்கள். மேடம் படிவத்தை மூடினார். "மன்னிச்சிடுங்க பகாம்பே. பிரேக் நல்லா இருக்கு, டயர் நல்லா இருக்கு, பொறுமையா ஓட்டுறீங்க. ஆனா ஓட்டுறவரைத் தூக்க ஆளில்லாத மலைக்கு நான் யாரையும் அனுப்ப முடியாது. ஓட்டுறவர் கிடந்தா விருந்தாளிக்கு வழி காட்டுறது யாரு?"

என் கடிதம் இல்லாவிட்டால் திபெந்தெரானா பதிவேட்டோடு அங்கே நின்றிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் மருந்துப் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தலைவரே," என்றான் அண்ணன். "பதினோரு பானையும் தந்துடறேன். அம்மாகிட்டச் சொல்லி இந்த வாரமே காய்ச்சச் சொல்றேன்."

"உங்க அம்மா காய்ச்சுறதைக் குடிச்சா நாங்க டோலியில போகணும். பானை வேணாம், தோள் குடு. இங்கேருந்து உச்சிக்கு எத்தனை வளைவு?"

அண்ணன் ஹெல்மெட் வாரைத் திருகினான். அந்தப் பாதையில் ஆயிரம் தடவை போய் வந்தவன் அவன்.

"பதினொண்ணு," என்றான் செவூமே, யாரும் கேட்காமலே.

"வளைவுக்கு ஒண்ணா உன் பாக்கியை அடிச்சிடறேன்," என்றார் திபெந்தெரானா. "முன்பக்கம் வலது கழி. இறக்கி வைக்கக் கூடாது, தோள் மாத்தக் கூடாது."

மேடம் ஒரு நிமிடம் மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஹெல்மெட்டோடும் திருப்பிப் போட்ட கோட்டோடும் போய் டோலியில் படுத்தார். "காலை முன்னால வைங்க," என்றார். "அப்பதான் ஏரி தெரியும்."

அண்ணன் கழியைத் தோளில் ஏற்றினான்.

"ஹெல்மெட்டைக் கழட்டிட்டுத் தூக்குடா," என்றார் ஒருவர்.

"மேடம் இருக்கிறப்ப கழட்டக் கூடாதுன்னு உத்தரவு," என்றான் உள்ளேயிருந்து.

கிளம்பும்போது கஷேன்யித் தலைவர் குறுக்கே வந்தார். விதி நாலு அவர்களுக்கும் உண்டு. அவர்களுடைய டோலி என்ன பாவம் செய்தது? சுற்றிலும் பார்த்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. அண்ணனின் வண்டி ஓட்ட ஆளில்லாமல் நின்றது. பெட்ரோல் குழாயை மூடி, எட்டு பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கிப் படுக்க வைத்து, ஹாண்டில் பிசகாமல் கயிறு கட்டினார்கள். நோயாளியைத் தூக்குவதைவிடப் பதமாகத்தான் தூக்கினார்கள்.

அடுத்து முகோமாக்காரர்கள் ஏழு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்துப் பெட்டியோடு போய்ப் படுத்தேன்.

இப்படியாக நாங்கள் நியாருஹங்கா ஏறினோம். முன்னால் மேடம், நடுவில் வண்டி, பின்னால் நான். திபெந்தெரானா செவூமேயின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, நடை வேகத்தில் பக்கத்திலேயே வந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் பதிவேட்டில் ஒரு கோடு அடித்து, "பிரசவம். பரியைஜா கால். டீச்சர்," என்று சத்தமாகச் சொன்னார். சாலையில் வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கு வானம்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் காதில் விழுந்தது.

"நிறுத்துங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன்," என்று மேடத்தின் குரல்.

"நிக்கலாம். இறக்கக் கூடாது," என்று திபெந்தெரானாவின் குரல்.

பிறகு அண்ணன் மூச்சு வாங்குவது கேட்டது.

"அந்தத் தீவு பேரு என்ன பகாம்பே?"

"எது மேடம்," என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "எனக்கு ரோடுதான் தெரியுது."

"விருந்தாளிக்குப் பேரெல்லாம் சொல்லணுமில்ல?"

அண்ணன் சொன்னான். ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு மூன்று தீவாக, மூச்சுக்கு நடுவே சொன்னான். ஒன்பதாவது வளைவில் ஒரே பெயரை இரண்டு தீவுக்குச் சொன்னான். எட்டு பேரும் ஒரே குரலில் திருத்தினார்கள்.

உச்சியில் டோலிகளை இறக்கினார்கள். மேடம் எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றார். பிறகு ஒரு பாறையில் படிவத்தை வைத்து எழுதினார்.

"எட்டும் ஏழும் எட்டும் இருபத்து மூணு பேர். மூணு டோலி. முன்கூட்டியே எழுத்துல தகவல். இருபது வருஷமா எல்லா ஊர்லயும் இந்தக் கேள்வியைக் கேக்கறேன் ஐயா, பதிலை நேர்ல காட்டினது நீங்கதான்." கையெழுத்துப் போட்டார். "அடுத்த திங்கள்லேருந்து ஆரம்பிங்க பகாம்பே. ஆனா விருந்தாளி வரப்ப இவங்க எல்லாம் வளைவுல தொப்பியைக் கழட்டிட்டு நிக்க வேணாம். வீட்டுல இருக்கட்டும்."

"தாள் வந்தா வருவோம்," என்றார் திபெந்தெரானா. பதினோராவது கோட்டை அடித்துப் பதிவேட்டை மூடினார். "வராட்டி வர மாட்டோம்."

கம்பாலா இல்லை. அண்ணன் ஊரில்தான் இருப்பான். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இருபத்து மூன்று ஆண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இனிமேல் சங்கத்துக் கடிதமெல்லாம் இந்தப் பெண்தான் எழுத வேண்டும் என்றார் இன்னொருவர். எந்தப் பள்ளிக்கூடம், ஏன் நின்றாய், பேச மாட்டாயா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கஷேன்யித் தலைவர் முட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணனிடம் போனேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். முகம் வேகவைத்த பீட்ரூட் போல இருந்தது. வலது தோளில் கோட்டின் தையல் பிரிந்து, உள்ளே சட்டையும் கிழிந்து தோல் சிவந்திருந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தேன்.

ஒரு திட்டாவது வரும் என்று நின்றேன்.

அண்ணன் பஞ்சை வாங்கிக்கொள்ளவில்லை. கயிற்றை அவிழ்த்து வண்டியை டோலியிலிருந்து நிமிர்த்தினான். பெட்ரோல் குழாயைத் திறந்து, பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். மேடத்துக்குக் கை கொடுத்துப் பின்னால் ஏற்றிக்கொண்டான். ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அந்த இருபத்து மூன்று பேருக்கு நடுவில், பஞ்சும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். செவூமேயின் வண்டியிலிருந்து திபெந்தெரானா இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு இடமிருக்காது என்று அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாரை இறுக்கினான். முதல் கியரைப் போட்டு, அவர்களுடைய கேள்விகளுக்கு நடுவில் என்னை விட்டுவிட்டு இறங்கிப் போனான்.